பச்சைத் தகடு அடித்த வீடு

சுத்தியல் மேடத்தை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் தன்னுடைய பல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாயிலிருந்து ஒழுகிய ரத்தம் கழுத்துவரை இறங்கியிருந்தது. "புது டிரைவரா? வண்டியை எடு தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றபடி ஜீப்பில் ஏறினார். அவருக்குப் பின்னால் ஒரு கும்பல் கட்டையும் கையுமாக ஓடி வந்துகொண்டிருந்தது. பின்கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்டபோது நாங்கள் தெருமுனையைத் திரும்பிவிட்டோம். நான் அதற்கு முன்பு பேருந்து ஓட்டியவன். பயணி ஒருவனோடு கைகலப்பு ஆனதால்தான் என்னை வீட்டுத்தர வாரியத்துக்கு மாற்றினார்கள். "அங்க போனா கையைக் கட்டிக்கிட்டு நிம்மதியா உக்காரலாம்டா" என்று சொல்லி அனுப்பிய மகராசன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

வாரியத்தின் வேலையைச் சொல்ல ரொம்ப நேரம் ஆகாது. பழைய கட்டடங்களைப் போய்ப் பார்ப்போம். இடிகிற நிலையில் இருந்தால் வாசலில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டுவோம். குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும். உரிமையாளர் பழுது பார்த்த பிறகு மறுபடியும் சோதித்து, சரியென்றால் வாசல் நிலைக்கு மேலே ஒரு பச்சைத் தகடு அடிப்போம். வருடா வருடம் எத்தனை பச்சைத் தகடு கூடியிருக்கிறது என்று வழவழப்பான அட்டை போட்டு ஒரு முன்னேற்ற அறிக்கை வரும். பக்கத்துக்குப் பக்கம் சிரித்த முகங்கள். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க அந்த எண்ணிக்கை ஏறியதே தவிர இறங்கியதில்லை. இறங்கிக்கொண்டே வந்தது மேடத்தின் பல் வரிசைதான்.

மேடம் ஆள் குள்ளம். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் நீளப் பிடி போட்ட சின்னச் சுத்தியல். மேல்தளத்தின் அடிப்பக்கம், உத்தரம், படிக்கட்டின் வயிறு என்று ஒவ்வோர் இடமாகத் தட்டித் தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். நல்ல கான்கிரீட் என்றால் கணீரென்று கேட்கும். உள்ளே கம்பி துருவேறி, காரை விட்டுப்போயிருந்தால் டொக்கென்று மொட்டையாகக் கேட்கும். வாரியத்தில் இதற்கென்று கருவிகள் வாங்கியிருந்தார்கள். அவை பெட்டியை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. மேடத்தின் காதுதான் கருவி. அவர் தெருவுக்குள் நுழைந்தாலே "சுத்தியல் வருது, சுத்தியல் வருது" என்று மாடிக்கு மாடி சேதி போகும். கதவுகள் படபடவென்று சாத்திக்கொள்ளும்.

நோட்டீஸ் ஒட்டினால் சும்மா விடுவார்களா? மேலேயிருந்து வெந்நீர் விழும், செங்கல் விழும். உரிமையாளரின் ஆட்கள் ஒருநாள் அடிப்பார்கள். மறுநாள் குடியிருப்பவர்களே அடிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. காலி செய் என்று சொல்ல வாரியத்துக்குத் தெரியும், எங்கே போவது என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு பெண்பிள்ளையை நாலு பேர் சேர்ந்து மிதிக்கும்போது நியாயம் பேசிக்கொண்டிருக்க நான் என்ன நீதிபதியா? ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்குவேன். இரண்டு தடவை சஸ்பெண்ட் ஆனேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். மேடம் எத்தனை முறை கதவைத் தட்டினாலும் ஒருத்தரும் தலையை நீட்ட மாட்டார்கள். அவர் மேல் முதல் அடி விழுந்ததும் மொத்தக் கட்டடமும் வாசலுக்கு வந்துவிடும். பாதிக் குளியலில் இருப்பவன் சோப்பு நுரையோடு வருவான், கைக்குழந்தைக்காரி குழந்தையை இடுக்கிக்கொண்டு வருவாள். உதடு கிழிந்து ஜீப்பில் உட்கார்ந்திருந்த ஒருநாள் மேடம் சொன்னார்: "பாத்தியா தம்பி, நோட்டீஸுக்கு வராத ஜனம் ஒரு அறைக்கு வந்துடுச்சு. வாரியத்துல எழுதிக் கொடுக்கணும். நோட்டீஸ் அடிக்கிற பேப்பராவது மிச்சம்."

அப்படி அடிபட்டுத் திரும்பும்போதெல்லாம் வழியில் தங்கை வீட்டில் நிறுத்தி முகம் கழுவிக்கொள்வார். மேடத்துக்கு உறவென்று இருந்தது அந்த ஒரு தங்கைதான். நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்து, துணி தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். எனக்கு "வாங்கண்ணே" என்று டீ போட்டுத் தருவாள். அக்காவின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு, உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தையல் மெஷினைக் கடகடவென்று ஓட்ட ஆரம்பித்துவிடுவாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மேடம் சிரித்தார்.

"சின்னப் பிள்ளையிலேருந்தே அவ அப்படித்தான் தம்பி. அப்பா குடிச்சிட்டு வந்து என்னைப் போட்டு அடிப்பாரு. இவ உள்ள ஓடிக் கதவைச் சாத்திக்கிட்டு அம்மாவோட மெஷினை வெறுமனே மிதிப்பா. நான் கத்துற சத்தம் கேக்கக் கூடாதாம். கொடுத்து வெச்சவ."

அந்தத் தங்கைக்காகத்தான் மேடம் அந்தக் கட்டடத்தை விடாமல் துரத்தினார். பல வருடம் முன்பே அதற்குச் சிவப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தார். உரிமையாளர் சிமெண்டுக் கடை முதலாளி, மூன்று வழக்குப் போட்டு இழுத்தடித்தார். தங்கையை வேறு வீடு பார்க்கச் சொன்னால், "இங்கதான்கா எனக்குத் துணி குடுக்குறவங்க எல்லாரும் இருக்காங்க" என்று ஒரே பிடிவாதம்.

இதற்கிடையில் மேடத்துக்குக் காது போயிற்று. ஒரு விடுதிக்காரன், பார்க்க யானைக்குட்டி மாதிரி இருப்பான், மேடம் அவன் வீட்டு உத்தரத்தைத் தட்டிக் காதைச் சாய்த்த நேரத்தில் பின்னால் வந்து இரண்டு உள்ளங்கைகளாலும் இரண்டு காதையும் சேர்த்து அறைந்தான். மேடம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காதிலிருந்து ரத்தம் வந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. அவன் முழங்கையை உடைத்துவிட்டேன். அது என் மூன்றாவது சஸ்பென்ஷன், அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை. மேடத்தின் இடது காது அதோடு செத்துவிட்டது. வலது காதில் பேச்சுக் கேட்கும். ஆனால் குழாய் திறந்துவிட்ட மாதிரி ஓயாத ஓர் இரைச்சல். இதைப் பற்றி மேடம் வாரியத்தில் மூச்சு விடவில்லை. சொன்னால் சாமான் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். வண்டியில் நான் அவருக்கு வலது பக்கம் இருந்ததால் எங்கள் பேச்சு தடைப்படாமல் போயிற்று.

அடுத்த வருடம் சிமெண்டு முதலாளி வழக்கையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொண்டு கட்டடத்தைப் பழுது பார்த்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். போய்ப் பார்த்தால் பளபளவென்று இருந்தது. மேடம் ஒரு நாள் முழுக்கத் தட்டினார், வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். நான் கீழே வண்டியில் இருந்தேன். சாயங்காலம் தன் கையாலேயே பச்சைத் தகட்டை அடித்தார். குடியிருப்பவர்கள் கை தட்டினார்கள். அவர் வாழ்க்கையில் ஒரு கட்டடத்துக்காரர்கள் அவருக்குக் கை தட்டியது அந்த ஒருமுறைதான். தங்கை கீழே வந்து எல்லார் முன்னாலும் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்தப் படம் அந்த வருட அறிக்கையில் முதல் பக்கத்தில் வந்தது.

அதற்கடுத்த வருட மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்த ஒரு வாரத்தின் நடுவில் தங்கை வீட்டுக்குப் போனோம். படியேறும்போது மேடம் விளையாட்டாகச் சுத்தியலைத் தூக்கி மேலே இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக்.

"என்ன மேடம், காலிப் பானையைத் தட்டுன மாதிரி கேக்குது?" என்றேன்.

மேடம் திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை. "என்ன கேட்டுச்சு? திருப்பிச் சொல்லு."

சொன்னேன். சுத்தியலால் வேறோர் இடத்தில் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதுவும் டொக். அந்தப் படிக்கட்டு முழுக்கத் தட்டினார். தட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினேன். கடைசியில் சுத்தியலைத் திருப்பி ஓங்கி ஒரு போடு போட்டார். கனமாகப் பூசியிருந்த புதுப் பூச்சு பாளமாக விழுந்தது. உள்ளே கம்பி இருந்த இடத்தில் செம்மண் மாதிரி துருதான் இருந்தது. கையால் தொட்டதும் உதிர்ந்தது.

"எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு தம்பி. போன வருஷமும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு" என்று படியிலேயே உட்கார்ந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை, சுத்தியல் பிடியைத்தான் கடித்துக்கொண்டிருந்தார்.

நேராக வாரிய அதிகாரியிடம் போனோம். காது விஷயம் உட்பட மேடம் எதையும் மறைக்காமல் சொன்னார். அதிகாரி நல்ல மனிதர், யாரையும் உட்காரச் சொல்லாமல் பேச மாட்டார்.

"முன்னேறிய கட்டடம்னு போன வருஷ அறிக்கையில போட்டாச்சேம்மா. முன்னேறினது பின்னேறிடுச்சுன்னு எந்தப் பக்கத்துல போடுறது? புது அறிக்கை வெளியீட்டு விழா முடியட்டும். அப்புறம் மழையால ஏற்பட்ட புதுப் பழுதுன்னு நானே எழுதுறேன்."

மேடம் சுத்தியலை எடுத்து அவர் மேஜைக் கண்ணாடியில் ஒரே அடி. கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த அவருடைய பேரப்பிள்ளைகளின் படங்களெல்லாம் தூள் தூளாகத் தெரிந்தன. எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். தீயணைப்புக்குச் சொன்னால், பச்சைத் தகடு உள்ள கட்டடத்தை நாங்கள் எப்படிக் காலி செய்வது, வாரியத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நின்றோம்.

தங்கையைக் கிளம்பச் சொன்னார் மேடம், அவள் பழைய பிடிவாதத்தை விடவில்லை. குடியிருப்பவர்களிடம் போய்ச் சொன்னோம். கேட்பார்களா? அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் தரைத்தளத்து வெல்டிங்காரர். முன்பு அவர் இருந்த வீட்டையும் மேடம்தான் காலி செய்ய வைத்திருந்தார். தெருவோரம் சாக்கைக் கட்டிக்கொண்டு கிடந்தபோது அவருடைய அம்மா காய்ச்சலில் செத்துப்போயிருந்தார். அந்த ஆத்திரம் அந்த மனிதனுக்குள் கொதித்துக்கொண்டேதான் இருந்தது.

"நீதானே வந்து ஆணி அடிச்சே? இப்ப நீயே வந்து இடியும்ங்கிற. முதலாளிகிட்ட எவ்வளவு வாங்கினே, எங்களைக் கிளப்ப?" என்று கேட்டு, மேடத்தின் முடியைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்து விட்டார். அன்றைக்கு நான் ஜாக்கிக் கம்பியை எடுக்கவில்லை. மேடம் கண்ணாலேயே தடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள். மேடம் ஸ்பீக்கரில் போட்டு வலது காதருகே வைத்துக்கொண்டார்.

"அக்கா, வாசக் கதவு இறுகிப்போச்சுக்கா. உதைச்சுத்தான் தொறந்தேன். கீழ் வீட்டு ஜன்னலும் சாத்த வரலையாம். மழைக்கு ஊறிடுச்சு போல."

மேடம் என் தோளை இறுக்கிப் பிடித்தார். மரம் ஊறினால் ஒரு கதவு இறுகும். மாடி மாடியாக எல்லாம் இறுகினால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம். அவரோடு சுற்றியதில் எனக்கே அது தெரியும்.

"கதவைச் சாத்தாதே. போட்டது போட்டபடி கீழே இறங்கி வா. ரோட்டுக்கு வந்து நில்லு. நான் வந்துட்டே இருக்கேன்" என்றார் மேடம்.

"இதோ வர்றேன்கா. ஒரு ரவிக்கைக்குக் கை மட்டும் வெச்சிட்டு..."

"ரவிக்கையாவது மண்ணாவது. இறங்குடி."

போனை வைத்துவிட்டு மேடம் என்னைப் பார்த்தார். "தம்பி, இன்னிக்கு நான் அடி வாங்கப் போறேன். பெருசா. நீ குறுக்க வரக் கூடாது. எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் சண்டை ஓயக் கூடாது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. "உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு மேடம்? செத்துருவீங்க" என்றேன். "வேற வழி இருந்தா சொல்லு, வண்டியை நிறுத்திடலாம்" என்றார். வண்டியை மிதித்தேன்.

தங்கை இன்னும் ரோட்டுக்கு வந்திருக்கவில்லை. வாசலில் இறங்கியதும் மேடம் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறிப் பச்சைத் தகட்டைச் சுத்தியலால் பெயர்த்துத் தெருவில் எறிந்தார். அந்தத் தகடு போனால் அந்த ஜனத்துக்கு அங்கே இருக்க உரிமை போயிற்று. பிறகு முற்றத்துக்குள் போய் மாடிக்குத் தண்ணீர் ஏறுகிற குழாயை அடித்து உடைத்தார். தண்ணீர் பீய்ச்சியடித்தது. மின்சார மீட்டர்களின் கண்ணாடிகளை வரிசையாக நொறுக்கினார். "வெளிய வாங்கடா, கையாலாகாத பசங்களா. ஒரு பொம்பளையை அடிக்கக்கூட வக்கில்லாம உள்ள ஒளிஞ்சிருக்கீங்களா?" என்று தொண்டை கிழியக் கத்தினார். அப்படி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

வெல்டிங்காரர்தான் முதலில் வந்தார். விட்ட அறையில் மேடம் சுருண்டு விழுந்தார். எழுந்து அவர் முகத்திலேயே காறித் துப்பினார். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? ஆட்கள் படபடவென்று இறங்கினார்கள். உடைந்த குழாயைப் பிடுங்கி ஒருவன் அவர் முதுகில் போட்டான். சேற்றில் இழுத்துத் தெருவுக்குக் கொண்டுவந்து விலாவில் மிதித்தார்கள். சுத்தியல் பிடித்த கையை ஒருத்தி செருப்புக் காலால் நசுக்கினாள், விரல் ஒடிந்தது எனக்கே கேட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. சொன்ன பேச்சை மறந்து பாய்ந்தேன். மூன்று பேர் என்னைப் பிடித்து ஜீப்போடு அழுத்தினார்கள்.

அந்த நிலையிலும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோப்பு நுரையோடு ஒருவன் வந்தான். கைக்குழந்தைக்காரி வந்தாள். நடக்க முடியாத கிழவரைக்கூட, நல்ல சண்டை போகிறது என்று, பேரன்கள் நாற்காலியோடு தூக்கி வந்து தெருவில் வைத்தார்கள். மேடம் அடி வாங்க வாங்க வீடு காலியாகிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கடைசியாகத் தங்கை வந்தாள். தோளில் எப்போதும்போல அளவு நாடா தொங்கியது. வாசற்படி வரைக்கும் வந்துவிட்டாள். கூட்டத்துக்கு நடுவே அக்காவின் தலை தரையில் மோதியதைப் பார்த்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். திரும்பி மேலே ஓடினாள்.

"மேடம், தங்கச்சி மேல போறா. தங்கச்சி மேல போறா மேடம்" என்று கத்தினேன். மேடத்தின் வலது காது சேற்றில் புதைந்திருந்தது. மேலே இருந்தது செத்த காது. என்னைப் பிடித்திருந்தவனைக் கடித்தேன், அவன் விடவில்லை. மேலே கதவு அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டது.

அப்புறம் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, பெரிய மரம் முறிவது போல. அடித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. அந்த அமைதியில் மூன்றாவது மாடியிலிருந்து தையல் மெஷின் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. கடகடவென்று, வேகமாக. என்னைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்ததும் உதறிவிட்டு ஓடினேன். வெல்டிங்காரர் என் இடுப்பைக் கட்டிப்பிடித்து மல்லாக்கத் தள்ளினார். படிக்கட்டு முதலில் உட்கார்ந்தது, அதன் மேல் ஒவ்வொரு மாடியாக இறங்கியது. புழுதி எங்களை மூடியது.

புழுதிக்குள் குழந்தைகள் இருமினார்கள். மனைவியைப் புருஷனும் பிள்ளையைத் தாயும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பதில் வந்தது. மேடம் சேற்றில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. இருக்கிற ஒரு கண்ணால் முகம் முகமாகப் பார்த்தார். உதடு கிழிந்த வாயோடு சிரித்தார்.

"எல்லாரும் வந்துட்டாங்களா தம்பி?"

வெல்டிங்காரர் அவர் காலடியில் விழுந்து, "அம்மா, அம்மா" என்று மண்ணில் அடித்துக்கொண்டு அழுதார். மேடம் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வருட முன்னேற்ற அறிக்கையில், ஆபத்தான கட்டடங்கள் எதுவும் மீதமில்லாத தெரு என்று அந்தத் தெருவைப் போட்டார்கள். அதிகாரி மேடத்துக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தனுப்பினார். நான் அதை வழியிலேயே கிழித்துப் போட்டேன். மேடம் வேலையை விட்டுவிட்டார். வெல்டிங்காரரும் அவர் மனைவியும்தான் அவரைத் தங்களோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒடிந்த விரல்கள் கூடவில்லை. சாப்பாடு ஊட்டிவிட வேண்டும்.

வாரம் ஒருமுறை நான் போவேன். அவருடைய வலது பக்கம் உட்காருவேன். ஊர்க்கதை, வண்டிக்கதை எல்லாம் பேசிவிட்டுக் கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

"தம்பி, அவ என்னைக் கூப்பிட்டாளா? எனக்குத்தான் கேக்கலையா?"

"இல்ல மேடம். மெஷின் ஓடுன சத்தம்தான் கேட்டுச்சு."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

அதைக் கேட்ட பிறகுதான் சட்டையை விடுவார்.